அக்கா பார்த்த அருந்ததி

வெயில் இறங்கி வெகுநேரமாகியும் சூடு இறங்காத மொட்டை மாடித் தளம் வெறுங்காலில் பட்டதும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதற்கடுத்து, தகரக் கூண்டுக்குள் நுழைந்தவுடன் முகத்தில் அடித்த "கிரீஸ்" வாடை. மதுரைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில், ஒரு கட்டடத்தின் உச்சியில், சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு வட்டக் கூண்டு இருந்தது. கோடைக்காலத்துச் சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். முதலில் கீழே ஓர் அறையில் வானத்தைப் பற்றிப் பேச்சு, பிறகு செருப்பைப் படியடியில் விட்டுவிட்டு மேலே ஏறினால் தொலைநோக்கி. மற்றவர்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். நாங்கள் என் அக்கா பிழைப்பாளா மாட்டாளா என்று தெரிந்துகொள்ளப் போனோம்.

சிரிக்காதீர்கள். எழுபதுகளின் கடைசி அது. ஸ்கைலாப் என்று அமெரிக்காக்காரன் மேலே விட்ட விண்வெளிக்கூடம் ஒன்று வானத்திலிருந்து விழப்போகிறதாம் என்று ஊரே பேசிக்கொண்டு, சாகப்போகிறவர்கள் எதற்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று கோழிகளை அடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த வருஷம். அந்த வருஷம் தை மாதத்தில்தான் அக்கா தவமணிக்குக் கல்யாணம். திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபம், முகூர்த்தம் காலை ஒன்பதுக்கு மேலே. தாலி கட்டி அம்மி மிதித்து முடிந்ததும் ஐயர் மணமக்களை வாசலுக்கு அழைத்து வந்து, சுள்ளென்று வெயில் அடிக்கிற வானத்தில் கையை நீட்டி, "அதோ அருந்ததி, நன்னாப் பாருங்கோ" என்றார். நம் பக்கத்தில் எத்தனை கல்யாணம் நடந்திருக்கிறதோ அத்தனையிலும் பெண்ணும் மாப்பிள்ளையும் தலையைத் தூக்கி "தெரியுது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போயிருக்கிறார்கள். மச்சானும் அப்படித்தான் சொன்னார். என் அக்காவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மாலைகளை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையைப் புருவத்துக்கு மேலே வைத்து, நிஜமாகவே தேடினாள். மேளக்காரர்கள் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியிருந்த நேரம்.

"எங்க சாமி? எனக்குத் தெரியலையே" என்று அவள் சொன்னது மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"பார்த்தேன்னு சொல்லும்மா, போதும்" என்றார் ஐயர், குரலைத் தாழ்த்தி.

"பாக்கலையே சாமி."

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் நின்ற ஒரு பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அருந்ததி கண்ணுக்குத் தெரியாதவுக ஆறு மாசம் தாண்ட மாட்டாகன்னு சொல்லுவாக. இந்தப் புள்ள என்ன, நல்ல நேரத்துல இப்பிடி வாயை விட்டுருச்சு" என்றாள். அப்படி ஒரு நம்பிக்கை எங்கள் பக்கத்தில் உண்டு. சாவு நெருங்கியவர்களுக்கு அந்த நட்சத்திரம் மறைந்துவிடுமாம். பட்டப்பகலில் அது யாருக்கும் தெரியாது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மற்றவர்கள் அதைச் சொல்லவில்லை, இவள் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அக்கா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, ஒரு சின்னப் பொய் சொல்லித் தொலைத்தால் என்ன இவளுக்கு என்று.

அக்கா வாழ்க்கைப்பட்டது திருவாதவூரில், வயலும் கிணறும் உழவு மாடும் உள்ள வீடு. மாமியார் அங்கம்மா அத்தையைக் கொடுமைக்காரி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அக்காவைத் தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை, கிணற்றுப் பக்கம் போக விடவில்லை, தினமும் முட்டை அவித்துக் கொடுத்தார். அதோடு, படுத்த பிறகும் கதவுக்கு வெளியே நின்று "தவம், முழிச்சிருக்கியாத்தா?" என்று கேட்பார். பதில் வந்தால்தான் நகர்வார். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கிற அறைக்கு வெளியே நின்று இப்படி விசாரித்தால் அந்த வீட்டில் என்ன சிரிப்பு இருக்கும், என்ன பேச்சு இருக்கும்?

சித்திரைத் திருவிழாவுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு பசுமலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு அத்தை வந்தார். அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்தோம், பானகம் குடித்தோம், எல்லாம் ஆயிற்று. ஊருக்குக் கிளம்பும்போது அக்காவின் பெட்டி மட்டும் எடுக்கப்படாமல் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் அத்தை என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆடி முடியிற மட்டும் இங்கனயே இருக்கட்டும் மதினி. எதுன்னாலும் பெறந்த வீட்டுல இருக்கட்டும்" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். "எதுன்னாலும்" என்பதன் அர்த்தம் பஸ் போன பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்; ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. யாரும் எதையும் பேசவில்லை, அதுதான் பயங்கரம். அக்கா தும்மினால் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்ப்பார். நானும் அக்காவும் ஒரே பாயில் படுப்போம். விளக்கை அணைத்த பிறகு அம்மா ஓசைப்படாமல் வந்து, அக்காவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். அக்கா தூங்கியிருக்க மாட்டாள். தூங்குகிறவளைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி நீளமாக மூச்சு விடுவாள். அம்மா போன பிறகு என் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு, என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொள்வாள். அந்தத் துடிப்பு என் உள்ளங்கைக்குள் இப்போதும் இருக்கிறது. பகலில் தன்னுடைய தாவணிகளையும் ரிப்பன்களையும் ஒவ்வொன்றாக எனக்குக் கொடுத்தாள். "ஒனக்குத்தான் நல்லாருக்கு" என்றாள். எனக்கு ஆசையாகவும் இருந்தது, தொடப் பயமாகவும் இருந்தது.

நீங்கள் கேட்பது புரிகிறது. இருட்டின பிறகு வாசலுக்கு வந்து அந்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டால் ஒழிந்தது அல்லவா? அப்பா அதைத்தான் சொன்னார். ஆனால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் எது அருந்ததி என்று கைகாட்டத் தெரியவில்லை. கல்யாணத்தில் பகலிலேயே பார்த்துவிட்ட கெட்டிக்காரர்கள் எல்லாம் ராத்திரியில் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். உரக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு மேகம் தெரியும், காற்று தெரியும், நட்சத்திரம் தெரியாது. அம்மாவோ கூடவே கூடாது என்றாள். முதல் தடவை தெரியாமல் போனதற்கே இந்தப் பாடு. இரண்டாவது தடவையும் தெரியவில்லை என்றால்? அக்காவும் அதையேதான் நினைத்தாள் போல. விளக்கு வைக்கிற நேரமானால் வீட்டுக்குள் வந்துவிடுவாள். அப்புறம் வாசற்படி தாண்ட மாட்டாள்.

செய்தித்தாளில் "மதுரையில் இன்று" என்று கோவில் சொற்பொழிவும் பட்டிமன்றமும் போடுகிற மூலையில், பல்கலைக்கழகத்தில் வானம் காட்டுகிறார்கள், அனுமதி இலவசம் என்று போட்டிருந்ததை நான்தான் பார்த்து அப்பாவிடம் நீட்டினேன். அப்பா அன்றைக்கே போய், அருந்ததியைக் காட்டுவார்களா என்று விசாரித்துக்கொண்டு வந்தார். வைகாசி முழுக்க அது வடக்கில் நல்ல உயரத்தில் நிற்குமாம், தாராளமாகக் காட்டலாமாம்.

"வேணாம்ப்பா" என்றாள் அக்கா.

"படிச்சவுக கிட்ட நின்னு காட்டுறாக. எப்பிடித்தா தெரியாமப் போகும்?" என்று அப்பா அவள் தலையில் கை வைத்தார்.

அப்பா திருவாதவூருக்கும் போய் வந்தார். அத்தை தானும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார், இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, மருமகள் பார்த்ததைத் தன் காதால் கேட்க வேண்டும்; கண்ணாடி வைத்துப் பார்த்தால் கணக்கில் வராது, வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு, ஸ்கைலாப் திருவாதவூரில் விழுமா என்று அந்தப் படித்தவர்களிடம் கேட்டாக வேண்டும், வைக்கோல் போர் புதிதாகப் போட்டிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை கீழ் அறையில் நல்ல கூட்டம். ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, அதில் படம் காட்டிக்கொண்டே ஒல்லியான விரிவுரையாளர் ஒருவர் பேசினார். நட்சத்திரங்கள் எவ்வளவு தூரம், அந்த வெளிச்சம் நம்மிடம் வந்து சேர எவ்வளவு காலம் என்றெல்லாம் மனுஷன் உருகி உருகிச் சொன்னார். கேள்வி கேட்கலாம் என்றதும் அத்தனை கையும் ஸ்கைலாப்புக்காக உயர்ந்தது. அங்கம்மா அத்தை எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயா, எங்க ஊரு திருவாதவூரு. அது எங்க ஊர்ல வந்து விழுமா?"

"அம்மா, உலகத்துல முக்கால்வாசி கடல்தான். அநேகமாக் கடல்லதான் விழும்."

"அநேகமான்னா? மிச்சத்துக்கு யாரு பொறுப்பு?"

அறையே சிரித்தது, விரிவுரையாளரும் சிரித்தார். அக்கா மட்டும் மடியில் கையைக் கோத்துக்கொண்டு அந்த வெள்ளை வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையோடு வந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த மச்சான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நல்லவர், ஆனால் அம்மா பேச்சைத் தாண்டாதவர். அந்த மாலை முழுவதும் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது "வந்துட்டியா", "ம்" என்ற இரண்டே வார்த்தை.

மேலே போனோம். கூண்டுக்குள் தொலைநோக்கி சனிக் கிரகத்தின் மேல் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அங்கேதான் படித்தவர்களின் கணக்கு தப்பிற்று. "இப்ப சனியைப் பார்க்கலாம், வாங்க" என்று அவர் ஆசையாகக் கூப்பிட்டதும் வரிசையில் நின்ற பெண்களில் பாதிப்பேர் பின்னால் நகர்ந்துவிட்டார்கள். சனி பகவானைக் கோவிலிலேயே நேருக்கு நேர் நின்று கும்பிட மாட்டோம். கண்ணாடி வைத்துப் பக்கத்தில் இழுத்து யார் பார்ப்பது? ஏழரை நடக்கிற ஒருவர் கீழே இறங்கியே போய்விட்டார். நான் பார்த்தேன். ஒரு மணியில் ஊசியைக் கோத்துவிட்ட மாதிரி சின்னதாக, மஞ்சளாக இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இவர்களுக்கு எதைக் காட்டுவது என்று பார்த்த விரிவுரையாளர், எல்லாரையும் கூண்டுக்கு வெளியே மாடியில் நிறுத்தி வடக்கே டார்ச் வெளிச்சத்தை நீட்டினார். இப்போது நினைத்தால் நம்ப முடியாத வானம் அது. மலை கருப்பாகக் கிடந்தது, அதற்கு மேலே இடமே இல்லாமல் நட்சத்திரம். ஏழு ரிஷிகளையும் ஒவ்வொருவராகக் காட்டி, வால் வளைகிற இடத்தில் இருப்பவர் வசிஷ்டர், அவருக்கு ஒட்டினாற்போல் பொட்டு மாதிரி இருப்பது அருந்ததி என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு சின்னது, இதற்காகவா என்று இருந்தது. மாடி முழுக்க "தெரியுது, தெரியுது" என்று குரல் எழும்பியது. அக்கா வடக்கே முகத்தைத் திருப்பி நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. இருட்டில் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்போதுதான் என் மேல்கையை யாரோ அழுத்திப் பிடித்தார்கள்.

"ஏ புள்ள" என்றார் அங்கம்மா அத்தை என் காதுக்குள், "எங்கடி இருக்கு? எனக்கு ஒண்ணுதான தெரியுது."

வயல் வெயிலில் எரிந்த வயசான கண். அது எப்படிப் பிடிக்கும் அந்தப் பொட்டை? நான் விரலை நீட்டி நீட்டிக் காட்டினேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். அதுவரை மருமகளின் சாவைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தவர், அந்த நிமிஷத்தில் தன் சாவைப் பார்த்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் குதூகலமாகவும் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

தொலைநோக்கியை அருந்ததி மேல் திருப்பியிருக்கிறோம் என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் முதல் ஆளாகப் போய் இரும்பு ஏணியில் ஏறியது அத்தைதான். கண்ணை வைத்தார். "ஆத்தாடி!" என்று ஒரு சத்தம். "தெரியுது, நல்லாத் தெரியுது. ரெண்டு இல்ல, மூணு இருக்கே!"

"வசிஷ்டரே ரெண்டு நட்சத்திரம்தான் அம்மா" என்றார் விரிவுரையாளர். "சும்மா பார்த்தா ஒண்ணு மாதிரித் தெரியும்."

"அப்ப அந்த ரெண்டாவது யாரு? அருந்ததிக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அத்தை இறங்கினார். எல்லாரும் சிரித்து அடங்கியதும், அப்பாவைப் பார்த்து, தீர்ப்புச் சொல்கிற குரலில், "கண்ணாடி வழியாப் பாத்தாலும் பாத்ததுதான் அண்ணே. அதுவும் கணக்குல வரும்" என்றார். அவர் பிழைக்க வேண்டுமென்றால் அது கணக்கில் வந்துதானே ஆக வேண்டும்!

அக்கா ஏணியில் ஏறினாள். கீழே அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா குனிந்து அந்தப் பித்தளை வளையத்தில் முகத்தை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் "எம்புட்டு நேரந்தான்" என்று முணுமுணுப்பு கிளம்பியது. அவளுடைய முதுகு மட்டும் மெல்ல ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"தெரியுதாத்தா?" என்றார் அப்பா, தாங்க முடியாமல்.

"தெரியுதுப்பா" என்றாள் அக்கா. "மூணும் தெரியுது."

அம்மா என் தோளை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அங்கம்மா அத்தை, இறங்கி வந்த அக்காவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "காலையில கெளம்பு, ஒன் வீட்டுக்குப் போவோம்" என்றார். மறுநாள் அக்கா போனாள். ஆடி வந்தது, போயிற்று. ஸ்கைலாப்பும் எங்கோ கடலோரமாக விழுந்து தொலைந்தது. அக்காவுக்கு ஒரு பையனும் ஒரு பெண்ணும் பிறந்தார்கள். அத்தை பேரன் பேத்தி எடுத்து, நல்ல சாவு செத்தார். அருந்ததிக் கதை எங்கள் வீட்டில் எல்லா விசேஷத்திலும் சொல்லிச் சிரிக்கிற கதையாகிவிட்டது. "ரெண்டாவது யாரு?" என்று அத்தை மாதிரியே நான் நடித்துக் காட்டுவேன். அக்காவும் சிரிப்பாள்.

ஆனால் அக்கா ஒரு தினுசான ஆளாகிவிட்டாள். மற்ற வீடுகளில் வருஷத்துக்கு வேண்டிய புளியும் வற்றலும் போட்டு வைத்தால், அவள் வீட்டில் இந்த மாதத்துக்கு மேல் எதுவும் இருக்காது. பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் உலை வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று மச்சானிடம் திரும்பத் திரும்பச் சொல்வாள். அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம், அடுத்த தையில் செய்யலாம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சிக்கனக்காரி, அவசரக்காரி என்று நாங்கள் அவளைக் கேலி செய்துகொண்டே வயதாகிப்போனோம்.

போன வைகாசியில் கண் ஆபரேஷனுக்காக அக்கா மதுரைக்கு வந்து என் வீட்டில் தங்கினாள். கட்டைப் பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் விட்டு, நாளிதழின் பொடி எழுத்துகூடத் தெரிகிறது என்று அவள் சந்தோஷமாக இருந்த ஒரு சாயங்காலம், "இப்ப அருந்ததியைக் காட்டினா வெறுங்கண்ணுலயே பாத்துருவ, அன்னைக்கு மாதிரி ஏணியெல்லாம் வேணாம்" என்றேன் விளையாட்டாக.

அக்கா நாளிதழை மடித்துக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"அன்னைக்கு நான் பாக்கலடி."

"என்னக்கா சொல்ற?"

"வெளிய நின்னப்பவும் பாக்கல, ஏணியில ஏறினப்பவும் பாக்கல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். தெறந்து பாத்து, அது இல்லாமப் போயிருந்தா நான் என்ன செய்வேன்? அத்தை மூணு இருக்குன்னு சொன்னாகள்ல, அதையே நானும் சொன்னேன். எனக்கு அவுக வீட்டுக்குப் போகணும்டி. அவரு கீழ ஏணியைப் புடிச்சுக்கிட்டு நிக்காரு." முந்தானையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "அப்புறம் ஆறு மாசம், அப்புறம் ஒரு ஆறு மாசம், அப்பிடியே இம்புட்டு வருசத்தையும் ஓட்டிட்டேன்."

பொய்யே சொல்லத் தெரியாத என் அக்கா, சொன்ன ஒரே பொய்க்குள் நாற்பது வருஷத்துக்கு மேல் தனியாகக் குடியிருந்திருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இன்றைக்கு இதை முடித்துவிட வேண்டும் என்று வடக்கே திரும்பினேன். நான்குவழிச் சாலை விளக்குகளும், நகைக்கடைப் பலகைகளும், அடுக்குமாடி வெளிச்சமும் சேர்ந்து வானம் சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. வால் வளைகிற இடம் எங்கே, வாலே எங்கே? ஏழு ரிஷிகளில் ஒருவர் மட்டும் மங்கலாக இருந்தார், அவரும் விமானமோ என்று சந்தேகமாக இருந்தது. கையை இங்கேயும் அங்கேயும் நீட்டிவிட்டுக் கடைசியில் இறக்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து, தைரியமாகக் கண்ணைத் திறந்துகொண்டு பக்கத்தில் நிற்கிறவளுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

"எனக்கே தெரியலக்கா" என்றேன்.

அக்கா வடக்குப் பக்கம் முழுவதையும் நிதானமாகப் பார்த்தாள், ஆபரேஷன் செய்த கண்ணாலும் செய்யாத கண்ணாலும்.

"அப்ப இந்த ஊர்ல யாருக்குமே தெரியாதுல்ல?" என்றாள்.

"யாருக்கும் தெரியாது."

"நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா. "எனக்கு மட்டும்னு இல்ல."

அன்று ராத்திரி அவள் அயர்ந்து தூங்கினாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்தேன்.